காலிப் புட்டியும் கல்லறை விளக்கும்

ஐப்பசி அடைமழை தொடங்கும் நாள்களில், நம் இல்லங்களுக்குள் அண்மைக் காலமாகப் புதிய விருந்தாளி ஒருவர் நுழையத் தொடங்கியுள்ளார். ‘ஹாலோவீன்’ என்பது அவர் பெயர். அக்டோபர் 31ஆம் நாள் மாலை அவர் வருகிறார். ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் சிறுவர் அன்று பேய்வேடம் புனைந்து வருகின்றனர். பெருநகரக் கடைகளில் பிளாஸ்டிக் மண்டையோடும் ரப்பர்ச் சிலந்தியும் தொங்குகின்றன. வெளிநாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் கைப்பேசியில் அனுப்பும் படங்களோ இன்னும் ஒரு படி மேல்: காலியான திராட்சை இரசப் புட்டிகளுக்கு வெள்ளைச் சாயம் பூசிப் பேயாக்கியும், அவற்றின் தக்கைகளை வௌவாலாகவும் ஆந்தையாகவும் மாற்றியும் வீட்டு வாயிலில் அடுக்கி வைத்திருக்கின்றனர். இதைக் கண்ட திருவண்ணாமலைப் பேரப்பிள்ளைகள் “நாமும் செய்வோம்” என்று அடம்பிடிக்க, பெற்றோர் நம்மிடம் வந்து, “செய்யலாமா சாமி?” என்று கேட்கின்றனர்.

செய்யலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் விடை கூறுதல் எளிது. ஆனால் இதில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன: பேய், புட்டி, நெருப்பு. மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த பின்னரே விடை கூற இயலும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘ஹாலோ’ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் சொல். சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே அந்நீண்ட பெயரின் பொருள்; அதுவே சுருங்கி ‘ஹாலோவீன்’ ஆயிற்று. பாப்பரசர் நான்காம் போனிப்பாஸ், உரோமையில் தெய்வங்கள் பலவற்றுக்கென எழுந்த பாந்தியோன் கோவிலை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மே 13ஆம் நாளன்று கன்னிமரியாளுக்கும் மறைசாட்சிகள் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் புனித இராயப்பர் பேராலயத்துள் சகல புனிதருக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835ஆம் ஆண்டையொட்டி நான்காம் கிரகோரியார் காலத்தில் நவம்பர் 1ஆம் நாள் மேற்குத் திருச்சபை முழுவதற்கும் உரிய திருநாளாயிற்று. அதற்கு மறுநாளை மரித்த விசுவாசிகளுக்கென ஒதுக்கியவர் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ. 998ஆம் ஆண்டையொட்டித் தம் ஆளுகைக்குட்பட்ட மடங்களில் அவர் தொடங்கிய வழக்கம் சிறிது சிறிதாக உலகெங்கும் பரவியது. நாம் ‘கல்லறைத் திருநாள்’ என்று சொல்லி, வடஆற்காட்டுச் சிற்றூர்களில் ஏரிக்கரையோரக் கல்லறைத் தோட்டங்களுக்குப் பூவும் மெழுகுதிரியுமாய்ச் செல்கின்றோமே, அந்நாள்தான் இது.

பண்டைய அயர்லாந்தில் இதே காலத்தில் வேறொரு விழா இருந்தது உண்மையே. அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் அந்த விழாவை அவர்கள் ஏறத்தாழ ‘சாவின்’ என்று ஒலிக்கின்றனர். தமிழ்க் காதுக்கு அது வேறு பொருளில் விழுகின்றது. வெறும் ஒலி ஒற்றுமைதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. அவ்விரவில் மறைந்தோர் உலவுவர் என்று மக்கள் நம்பினர். பிற்காலத்தில் ஏழையர் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பதாகச் சொல்லி, சிறு அப்பம் பெற்றுவரும் வழக்கம் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் எழுந்தது. இன்று அமெரிக்கச் சிறுவர் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வருவதில் அதன் சாயல் எஞ்சியிருக்கின்றது. செபம் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சகல புனிதர் திருநாளின் திருவிழிப்பும் 1955ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்து வழிபாட்டுச் சீர்திருத்தத்தின்போது திருச்சபை நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. நாம் விட்ட மாலைப்பொழுதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

விளக்கின் கதை சுவையானது. அயர்லாந்து மக்கள் ‘கருமி ஜாக்’ என்றொரு குடிகாரனைப் பற்றிக் கதை சொல்வர். அவன் பேயையே ஏமாற்றியவன். இறந்தபின் மோட்சத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. குடைந்த கிழங்கினுள் ஒரு தணலை வைத்துக்கொண்டு இருளில் என்றென்றும் அலைகின்றான் என்பது கதை. அதற்கேற்ப அம்மக்கள் சிவப்பு முள்ளங்கி போன்ற பெருங்கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது இலட்சக்கணக்கானோர் அமெரிக்கா சென்றனர். அங்கே கிழங்கைவிடக் குடைவதற்கு எளிதான பரங்கிக்காய் மலிவாகக் கிடைத்தது. இவ்வாறுதான் பரங்கிக்காய்க்குப் பேய்முகம் வந்தது. அந்தப் பரங்கியே அமெரிக்கக் கண்டத்தினின்று நம் நாட்டுக்கு வந்து, மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையார்மேல் பூவாகச் சிரிக்கின்றது!

இவ்வளவும் ஏன் சொல்கின்றோமெனில், ‘ஹாலோவீன்’ பேய் வணக்கம் என்று அஞ்சி நடுங்குவோரும் நம்மிடையே உளர். வெறும் நாகரிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்போரும் உளர். இரு சாராரும் வேரை மறந்து இலையைப் பார்க்கின்றனர். மறைந்தோர் இறைவன் கையில் இருக்கின்றனர் என்பது நம் விசுவாசம். அவர்கள் புளியமரத்தில் தொங்குவதில்லை, முருங்கையில் ஏறுவதுமில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்ட வீட்டில் காகிதப் பேய் ஒன்று தொங்குவதால் கேடு வந்துவிடாது. சொல்லாத வீட்டிலோ காகிதப் பேய் இல்லாமலே பிள்ளை இரவில் கொல்லைப்புறம் போக அஞ்சும்.

மேலும், அச்சமூட்டும் அலங்காரம் நமக்குப் புதிதன்று. புதிதாகக் கட்டும் வீட்டின் முகப்பில் சாம்பற்பூசணிக்குக் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் மீசையும் எழுதித் தொங்கவிடுகின்றோமே, அதைவிடப் பெரிய ‘ஹாலோவீன்’ எது? ஐரிஷ்காரரும் நம் கொத்தனாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவரும் காய்க்கு முகம் எழுதினர். சோளக்கொல்லைப் பொம்மையும் இவ்வகையே. செய்யாற்றை அடுத்த புரிசைத் தெருக்கூத்தில் அரக்க வேடம் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது முன்வரிசைச் சிறுவர் பின்வாங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். அண்டைய விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்து நிகழும் மயானக்கொள்ளையில் சுடுகாடே விழாக்களமாகின்றது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் நீலநிறப் புட்டிகளை மரக்கிளைகளில் செருகி வைப்பர். இரவில் உலவும் தீய ஆவி ஒளியால் ஈர்க்கப்பட்டுப் புட்டிக்குள் சிக்கிக்கொள்ளும் என்பது அவர்தம் பழைய நம்பிக்கை. சீசாவுக்குள் அடைத்த பூதத்தின் கதையை நம் பாட்டிமாரும் சொல்லக் கேட்டோமன்றோ? புட்டிக்கும் பேய்க்கும் உள்ள உறவு நெடியது.

சீசாவைப் பற்றி ஒரு தாய் கேட்ட கேள்வி

இனிப் புட்டிக்கு வருவோம். மேலைநாட்டார்க்குத் திராட்சை இரசப் புட்டி என்பது உணவு மேசையின் ஒரு பொருள். நமக்கு அப்படியன்று. நம் ஊரில் காலிப் புட்டி என்றால் அது பெரும்பாலும் பிராந்திப் புட்டி. அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் கூலி இருக்கின்றது. இளையோர் சிலர் புட்டி அலங்காரம் பற்றிப் பேசத் தொடங்கியபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகின்றோம்: “சாமி, அந்த சீசாவ இருவது வருசமா வூட்டுக்கு வெளியில வீசிக்கினு இருக்கறேன். இப்ப அதுக்குச் சாயம் பூசி நடுவூட்ல வெக்கணுமா?”

அதன்பின் அங்கே சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இக்கேள்விக்கு மழுப்பலான விடை கூடாது. குடியால் துன்பப்படும் இல்லத்தில், அத்துன்பத்தைச் சுமந்து வந்த அதே புட்டியை அலங்காரமாக்குதல் தகாது. எவ்வளவு அழகாகச் செய்தாலும், அந்தத் தாயின் கண்ணுக்கு அது புட்டியாகவே தெரியும்; பிள்ளையின் கண்ணுக்கும் அப்படியே. அன்றியும், குடியை விட்டுத் திருந்த முயலும் தந்தை ஒருவர் அவ்வீட்டில் இருந்தால், மதுவின் மணமும் உருவமும் அவர் முன்னிலையில் இல்லாதிருப்பதே அவர்க்கு நாம் செய்யும் உதவி. அத்தகைய இல்லத்தார் புட்டியை அறவே விட்டுவிட்டு, ஊறுகாய் ஜாடி, ஹார்லிக்ஸ் சீசா, பழரசப் புட்டி ஆகியவற்றைக் கொள்க. கண்ணாடி எல்லாம் கண்ணாடியே.

1937ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதும், 1971ஆம் ஆண்டு அது தளர்த்தப்பட்டதும் முதியோர் நினைவில் இருக்கும். மதுவிலக்குக் காலத்திலும் பூசைக்கான இரசத்துக்கு விலக்கு இருந்தது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் (1983) 924ஆம் சட்டம், பூசைக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாகப் பெற்றதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டுமென்கின்றது. எனவே உண்மையான திராட்சை இரசப் புட்டி நம் பங்கில் தவறாது கிடைக்குமிடம், பூசைப் பொருள்கள் வைக்கும் அறையே. ஆனால் இதை நம்பி யாரும் பெருந்திட்டம் தீட்ட வேண்டா. ஒரு பூசைக்கு 20 மில்லிலிட்டர் என்று கொண்டால், 750 மில்லிலிட்டர் புட்டி ஐந்து வாரத்துக்கு மேல் வரும். ஆண்டு முழுவதற்கும் பத்துப் புட்டி தேறினால் பெரிது. (1915ஆம் ஆண்டு பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் கல்லறைத் திருநாளன்று குருக்கள் மூன்று பூசை வைக்க இசைவளித்தார். அன்று மட்டும் புட்டி சற்று விரைவாய்க் காலியாகும்.) எஞ்சியவற்றைக் காயலான் கடையில் தேட வேண்டியதுதான். இரமணாசிரமத்தை ஒட்டிய பகுதிகளில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டார் வந்து தங்குவதால், பச்சைநிறக் கழுத்து நீண்ட புட்டிகள் சில அக்கடைகளுக்கும் வந்து சேரும்.

தெருவில் கிடக்கும் புட்டியை எடுத்து வருவதும் ஒரு நற்செயலே. பௌர்ணமிதோறும் மக்கள் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் ஊர் இது. வயலில் நாற்று நடும் பெண்டிரின் காலையும், மேயும் மாட்டின் குளம்பையும் கிழிப்பதும் உடைந்த புட்டியே. நீலகிரியில் உடைந்த புட்டிகள் காட்டு விலங்குகளுக்குத் தீங்கு செய்வது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, 2022ஆம் ஆண்டு மே மாதம் அம்மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொணர்ந்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது படிப்படியாக விரிந்தது. பத்து ரூபாய்க்கு ஒரு விலை வந்ததும், யாரும் குனிந்து எடுக்காத பொருளைக் குனிந்து எடுக்க ஆள் வந்துவிட்டது.

செய்முறை

புட்டியைத் தூய்மை செய்வதே பாதி வேலை. வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துப் புட்டியை அரைமணி நேரம் ஊறவிட்டால் ஒட்டுத்தாள் தானே உரியும். எஞ்சிய பிசினைத் தேங்காயெண்ணெய் தடவித் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். உட்புறத்துக்குக் கை எட்டாது. ஒரு பிடி அரிசியும் சிறிது நீரும் இட்டுக் குலுக்கினால் அழுக்கு அரிசியோடு வந்துவிடும். பிறகு தலைகீழாய் இரு நாள் காயவிடுக. ஈரம் எஞ்சிய புட்டிக்குள் பூசணம் பூக்கும்.

தக்கை உள்ளே விழுந்துவிட்டதாயின் புட்டியை உடைக்க வேண்டா. மெல்லிய பழந்துணித் துண்டு ஒன்றைக் கழுத்து வழியே உள்ளே விட்டு, புட்டியைச் சாய்த்துத் தக்கை துணி மடிப்பில் வந்து கழுத்தருகே நிற்கும்படி செய்து, துணியை இழுத்தால் தக்கையும் கூடவே வரும். பிள்ளைகளுக்கு இது மந்திர வித்தைபோல் தோன்றும்.

பேயுருவம் செய்வதற்குச் சாயம் பூசுவதைவிட நம் வீட்டு முறையொன்று சிறந்தது. பழைய வெள்ளை வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக்கொள்க. மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பசையாக்குக. சுவரொட்டி ஒட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பர். நாம் கலக்கக் கூடாது, அது நஞ்சு. புட்டியின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, வாயில் ஒரு பழைய ரப்பர்ப் பந்தை அமர்த்தி, பசையில் தோய்த்துப் பிழிந்த துணியை அதன்மேல் போர்த்தி, மடிப்புகளைக் கையால் ஒதுக்கிவிடுக. ஐப்பசியில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. மின்விசிறியின் கீழ் ஓரிரவு வைத்தால் விறைத்துவிடும். பிறகு புட்டியையும் பந்தையும் உருவி எடுத்துவிட்டால், உள்ளே ஒன்றுமின்றித் துணி மட்டும் நிற்கும். இரண்டு கரிய காகிதக் கண்களை ஒட்டுக. உள்ளே ஒன்றுமில்லாமல் நிற்பதுதானே பேய் என்று பிள்ளைகளுக்கு விளக்கவும் இது வாய்ப்பு! அரிசிக் கஞ்சியிலும் செய்யலாம். ஆனால் மழைக்காலத்து ஈரக்காற்றில் கஞ்சி தளர்ந்து, பேய் மூன்றாம் நாள் மண்டியிட்டுவிடும்.

தக்கையைக் கத்தியால் அறுத்தால் பொடிப்பொடியாய் உதிரும். கொதிக்கும் நீரில் பத்து மணித்துளி இட்டு எடுத்தால் மென்மையாகும். அப்போது பெரியவர் ஒருவர் ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் வில்லைகளாக அறுக்கலாம். முழுத்தக்கையில் கோணி ஊசியால் துளையிட்டு, தென்னந்துடைப்பத்து ஈர்க்குகளை ஒடித்துச் செருகினால் சிலந்தி. எத்தனை கால் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாதிப்பேர் ஆறு என்பர். எட்டு. பனையோலையை இறகாக நறுக்கி இருபுறமும் செருகினால் வௌவால். இரண்டு வில்லைகளை அருகருகே ஒட்டி நடுவில் புளியங்கொட்டை வைத்தால் ஆந்தைமுகம். கருமை தீட்டச் சாயம் வாங்க வேண்டா: தக்கையின் நுனியை மெழுகுதிரியில் காட்டிக் கருக்கி, ஆறியபின் அதனையே எழுதுகோலாகக் கொள்ளலாம். மேலைநாட்டு நாடக நடிகர் நெடுங்காலம் மீசை எழுதியது இவ்வாறுதான்.

தக்கை கிடைப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது பல புட்டிகளுக்குத் திருகு மூடியே வருகின்றது. மெய்யான தக்கை ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுக்கல் நாட்டில் விளைகின்றது. மரத்துக்கு 25 வயது நிரம்பியபின் முதற்பட்டையை உரிப்பர். அதன்பின் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிப்பர். மரத்தை வெட்டுவதில்லை, உரித்த இடத்தில் பட்டை மீண்டும் வளரும். ஒரு சிறு தக்கைக்குப் பின்னால் ஒன்பது ஆண்டு வளர்ச்சி இருக்கின்றது என்றறிந்தால் அதை அடுப்பில் எறிய மனம் வராது. தக்கை கிடைக்காதோர் மக்காச்சோளத்தின் முத்துகளை உதிர்த்தபின் எஞ்சும் கட்டையைக் காயவைத்து அறுத்துக்கொள்ளலாம். தஞ்சைப் பகுதியார் நெட்டியைக் கொண்டு கோவில்களும் மாலைகளும் செய்வர். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கலை அது. கிடைத்தால் நெட்டியே தக்கையினும் மேல்.

நெருப்பு

இனிமேல் சொல்லப்போவதைப் பெற்றோர் இருமுறை படிக்க வேண்டுகின்றோம்.

புட்டியைக் கண்டதும் அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காக்கும் எண்ணம் நம்மவர்க்கு இயல்பாக வரும். மின்சாரம் இல்லாத காலத்தில் நாம் படித்ததே அவ்விளக்கில்தான். இலங்கையில் இதனைக் குப்பி விளக்கு என்பர். அந்நாட்டு அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, உயர்ந்து மெலிந்த புட்டிகளில் செய்த இவ்விளக்குகள் சாய்ந்து, எண்ணெய் கொட்டித் தீப்பற்றிய புண்ணோடு பெண்டிரும் பிள்ளைகளும் மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருந்ததைக் கண்டு மனம் பொறாதவரானார். மருந்து கட்டுவதோடு நில்லாமல் விளக்கையே மாற்றினார். மார்மைட் என்னும் உணவுப்பொருள் வரும் குட்டையான, தடித்த சீசா எளிதில் சாய்வதில்லை என்பதைக் கவனித்து, அதைப்போன்று குட்டையும் கனமுமாய், உருண்டோடாதிருக்க இருபுறம் தட்டையாய், திருகும் உலோக மூடியோடு கூடிய விளக்கொன்றை 1992ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். ‘சுதீபா’, அதாவது நல்விளக்கு, என்று அதற்குப் பெயர். குறைந்த விலையில் இலட்சக்கணக்கில் அது ஏழையர் இல்லங்களுக்குச் சென்றது. 1998ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது அவர்க்கு வழங்கப்பட்டது.

திராட்சை இரசப் புட்டியோ இதற்கு நேர்மாறானது: உயர்ந்தது, கழுத்து நீண்டது, தட்டினால் சாய்வது, சாய்ந்தால் உருள்வது. எனவே எக்காரணம் பற்றியும் அதில் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றி எரிக்கக் கூடாது. பேய்வேடத்துக்கென வாங்கும் மலிவான பளபளப்புத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர்; நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பசை போட்டு விறைத்த துணிப்பேயும் தாள்போலப் பற்றும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் புட்டிக்குள் ஒளி வேண்டுமானால், மின்கலத்தில் எரியும் சிறு சீரியல் விளக்கைக் கழுத்து வழியே உள்ளே விடுக. மணலிலுள்ள இரும்பே கண்ணாடிக்குப் பச்சைநிறம் தருவது; அந்தப் பச்சையினூடே வரும் ஒளி மிக அமைதியானது.

கல்லறைக்குச் செல்லும்போது இதே புட்டி வேறொரு வகையில் நமக்குத் துணையாகும். நவம்பர் 2ஆம் நாள் மாலை நம் கல்லறைத் தோட்டங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. மெழுகுதிரியை ஏற்றுவோம், வடகிழக்குப் பருவக்காற்று அணைக்கும், கையால் மறைத்து மீண்டும் ஏற்றுவோம், குரு மந்திரிக்க வருமுன் அது மீண்டும் அணைந்திருக்கும். போலந்து நாட்டில் அந்நாள்களில் கல்லறைகளெங்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கெரிவதால், தொலைவிலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டமே தணல்போல் ஒளிர்கின்றது. அவ்வகைக் கூட்டை நாமே செய்துகொள்ளலாம்.

புட்டியின் அடிப்பாகத்தை நீக்க வேண்டும். நூலை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுற்றிக் கொளுத்தித் தண்ணீரில் அமிழ்த்தும் முறையைச் சிலர் சொல்வர்; அது வேண்டா, விரிசல் எங்கு ஓடுமென்று யாரும் அறியார். கண்ணாடி அறுக்கும் கடையில் கொடுத்தால் நேராக அறுத்துத் தருவர். விளிம்பை நீர் தெளித்த உப்புத்தாளால் கை கீறாதபடி தேய்த்துக்கொள்க. தேய்க்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்க. அவ்வாறு அறுத்த புட்டியை எரியும் திரியின்மேல் அப்படியே கவிழ்த்தால் சிறிது நேரத்தில் திரி அணைந்துவிடும். அடியினின்று காற்றுப் புக வழியில்லை அல்லவா? இங்கேதான் தக்கை வில்லைகளுக்கு வேலை. மூன்று வில்லைகளை விளிம்பின் கீழே கால்களாக ஒட்டிவிட்டால், அடிவழியே காற்று நுழைந்து கழுத்து வழியே வெப்பம் வெளியேறும். பழைய அரிக்கேன் விளக்கின் சிம்னி எவ்வாறு இயங்கியதோ அவ்வாறே. திரி ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாதிருக்கட்டும்; சுடர் கண்ணாடியின் நடுவில் நிற்கட்டும். இது காற்றைத் தாங்கும், மழையைத் தாங்காது. சூடேறிய கழுத்தில் குளிர்ந்த மழைத்துளி விழுந்தால் புட்டிக் கண்ணாடி படீரென வெடிக்கக்கூடும். தூறல் தொடங்கினால் திரியை அணைத்துவிடுக. வெறுங்கையால் தொட வேண்டா.

அச்சமூட்டும் அலங்காரத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. திண்ணையிலும் பிள்ளைகள் படிக்கும் அறையிலும் வைக்கலாம். ஆனால் அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீட்டிலோ, அதன் எதிர்வீட்டு வாயிலிலோ, மண்டையோடும் எலும்புக்கூடும் தொங்குதல் ஆகாது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழுபேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். அதன்பின் மழைக்காலத்து இரவுகளில் அம்மலையடித் தெருக்களில் வாழ்வோர்க்கு அச்சம் என்பது விளையாட்டுப் பொருளன்று. பேய்பொம்மை செய்த பிள்ளைகளை அழைத்து, “இதை இத்தெருவில் வைத்தால் யார் மனம் நோகும்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்களே சரியாகச் சொல்வர்.

இலையுதிர்காலம் என்று மேலைநாட்டார் சொல்லும் பருவம் நமக்கில்லை. அவர்கள் காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் புட்டிகளைச் சுற்றிப் பரப்புவர். நமக்கு இது மரமெல்லாம் துளிர்க்கும் கூதிர்காலம்; ஈர மண்ணும் பச்சைப் புல்லுமே உண்டு. எனவே அறுகம்புல்லையும், வேலியோரத்துக் கோவைக்கொடியையும், கொல்லையில் முற்றிய பரங்கிப் பிஞ்சையும் கொண்டு அழகுபடுத்தினால் அது நம் ஊர் அலங்காரமாக இருக்கும். அந்த வாரத்திலேயே குயவர் தெருவினின்று கார்த்திகை அகல்களும் விற்பனைக்கு வரத் தொடங்கிவிடும். மண்ணும் கண்ணாடியும் அருகருகே நன்றாகவே இருக்கும்.

நவம்பர் முதல் வாரம் கழிந்ததும் துணிப்பேய்களைக் கலைத்துவிடுக. மைதாப் பசை எலியை அழைக்கும். சீரியல் விளக்கின் மின்கலத்தைக் கழற்றி வைக்காவிட்டால் அது கசிந்து கம்பியை அரித்துவிடும். மெழுகு வழிந்த கண்ணாடிக் கூட்டைக் கத்தியால் சுரண்டாமல், நன்கு ஆறியபின் வெதுவெதுப்பான நீரில் இட்டு நீரை மெல்லச் சூடாக்கினால், மெழுகு உருகி மேலே மிதக்கும். நீர் ஆறியதும் அதை வழித்தெடுத்துப் புதிய திரி வார்க்கலாம். விரிசல் விட்ட புட்டியை மட்டும் கோணியில் சுற்றிக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுக. உருக்கிப் புதுப்புட்டி ஆக்குவர், எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறைவதில்லை. நல்ல நிலையிலுள்ள நான்கு புட்டிகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருவருகைக் காலம் தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு திரிகளுக்கும் கூடு வேண்டியிருக்கும்.